விமான நிலையத்திலிருந்து வெளி வீதிக்கு ஒரு பேருந்து

மதுரை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கையை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியதிலிருந்து, நகரின் போக்குவரத்து பற்றிய பேச்சு முழுவதும் அந்த ஒரு திட்டத்தைச் சுற்றியே நடக்கிறது. அந்தக் கூச்சலில் காதில் விழாமல் போன எளிய கேள்வி ஒன்று உண்டு. மதுரை விமான நிலையத்தில் இறங்கும் ஒருவர், மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பழைய நகருக்குக் கார் பிடிக்காமல் எப்படிப் போய்ச் சேருவது? தூரம் சுமார் 12 கி.மீ.தான். இதற்குச் சுரங்கம் தோண்ட வேண்டாம். டெல்லியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மதுரையிலேயே உட்கார்ந்து முடிவெடுத்து, சில மாதங்களில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

மெட்ரோ வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. அது வரும்வரை பயணிகளையும் பழைய நகரவாசிகளையும் காத்திருக்கச் சொல்வதில்தான் நியாயம் இல்லை.

மெட்ரோ வந்தாலும் தீராத சிக்கல்

திட்டமிடப்பட்ட மெட்ரோ தடம் திருமங்கலத்தில் தொடங்குகிறது. திருப்பரங்குன்றம், ரயில் நிலையம், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி வழியாக ஒத்தக்கடையில் முடிகிறது. நீளம் சுமார் 32 கி.மீ. மதிப்பீடு 11,300 கோடி ரூபாய்க்கும் மேல். 20 லட்சம் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கே மெட்ரோ என்ற 2017ஆம் ஆண்டுக் கொள்கையைக் காட்டி அறிக்கை திருப்பி அனுப்பப்பட்டது. 2011 கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு ஒரு நகரின் இன்றைய தேவையை அளக்கலாமா என்ற விவாதம் தொடர்கிறது. அது தொடரட்டும்.

ஆனால் அந்தத் தடத்தில் விமான நிலையம் இல்லை. நகரின் தெற்கே, பெருங்குடிக்கு அருகில் இருக்கிறது விமான நிலையம். மெட்ரோ ஓடத் தொடங்கினாலும், விமானத்தில் வருபவர் ஏதோ ஒரு வண்டியைப் பிடித்துத்தான் அருகிலுள்ள மெட்ரோ நிலையத்துக்கே போயாக வேண்டும். விமான நிலையத்துக்கு ரயில் பாதையும் கிடையாது. ஆக, இன்றும் நாளையும் இந்தத் தடத்தில் மக்களைச் சுமக்கப்போவது சாலைதான்.

பழைய நகரின் அடியில் சுரங்கம் தோண்டுவது எளிய வேலையும் அல்ல. ஜெய்ப்பூரில் மதில் சூழ்ந்த பழைய நகருக்குள் இருக்கும் படி சௌபர் வரை 2020இல் மெட்ரோ போய்ச் சேர்ந்தது. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. தோண்டும்போது பழங்கால நீர்க்குண்டங்கள் வெளிப்பட்டன. பழைய நகரங்களின் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பது தோண்டிய பிறகுதான் தெரியவரும். மதுரையும் அப்படிப்பட்ட ஊர்தான்.

நேரம் எங்கே போகிறது?

விமான நிலையத்தை விட்டு வெளியேறும் வண்டி பெருங்குடியில் அருப்புக்கோட்டை சாலையைப் பிடிக்கிறது. அங்கிருந்து அவனியாபுரம், வில்லாபுரம், தெற்குவாசல். வில்லாபுரம் வரை பெரிய தொல்லை இல்லை. அதற்கு மேல்தான் சோதனை.

தெற்குவாசலில் ராமேசுவரம் ரயில் பாதைக்கு மேலே செல்லும் பாலம் குறுகலானது. தெற்கிலிருந்து பழைய நகருக்குள் நுழையும் கார், ஆட்டோ, நகரப் பேருந்து, சரக்கு வண்டி, இருசக்கர வாகனம் எல்லாமே அந்த ஒரு பாலத்தில் ஏறி இறங்கியாக வேண்டும். இறங்கியதும் தெற்கு வெளி வீதி. அதைத் தாண்டினால் தெற்கு மாசி வீதியின் துணிக்கடை, நகைக்கடைக் கூட்டம். அடுத்தது ஆவணி மூல வீதி. சித்திரை வீதிகளுக்குள் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஆக, காரில் வந்தவரும் கடைசியில் நடந்துதான் கோயிலுக்குப் போக வேண்டும்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். காரில் வந்தாலும் கடைசிக் கட்டம் நடைதான். அப்படியானால் அந்தக் காரை ஆவணி மூல வீதி வரை உள்ளே தள்ளிக்கொண்டு வருவதால் யாருக்கு என்ன லாபம்? பயணிக்கு நேரம் மிச்சமாவதில்லை. ஓட்டுநர் அடுத்த சவாரியைத் தவறவிடுகிறார். வீதியில் நடப்பவர்களுக்கு இடம் குறைகிறது.

நகரப் பேருந்துகள் இந்தச் சாலையில் ஓடாமல் இல்லை. பெருங்குடி, அவனியாபுரம் மக்கள் அன்றாடம் பெரியார் பேருந்து நிலையம் போய் வருவது அவற்றில்தான். ஆனால் அவற்றின் நேரமும் நிறுத்தமும் அந்த ஊர் மக்களின் வேலை, பள்ளி, சந்தையைக் கணக்கில் வைத்து வகுக்கப்பட்டவை. இரண்டு பெட்டியும் ஒரு கைக்குழந்தையுமாக முதல் முறை மதுரைக்கு வருபவர், எந்தப் பேருந்து எங்கே நிற்கும், எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாமல் அதில் ஏறத் துணிய மாட்டார். முனையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படும் வாடகைக் காரில் ஏறிவிடுவார். ஒருவரே வந்தாலும் ஒரு முழு கார் நகருக்குள் நுழைகிறது.

சுமை யார் தலையில்?

2010இல் புதிய முனையம் திறக்கப்பட்ட பிறகு மதுரை விமான நிலையத்தின் முகம் மாறியது. கொழும்பிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் விமானங்கள் வரத் தொடங்கின. 2024 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இயங்க அனுமதி கிடைத்தது. இரவு விமானங்கள் கூடக் கூட, நகரப் பேருந்துகள் அடங்கிய பிறகு வந்து இறங்குபவர்களும் கூடுவார்கள். அந்த நேரத்தில் பேரம் பேச வழியில்லை. கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டியதுதான்.

விமானத்தில் வருபவர்கள் வசதியானவர்கள்தானே, கார் வைத்துக்கொள்ளட்டுமே என்று நினைக்கலாம். மதுரையில் இறங்குபவர்களைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். வளைகுடாவில் கட்டட வேலை செய்துவிட்டு விடுப்பில் திரும்பும் ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டத்து இளைஞர்கள், பிள்ளை அனுப்பிய டிக்கெட்டில் முதல் முறை விமானம் ஏறிய பெற்றோர், கொழும்பிலிருந்து கோயில் யாத்திரைக்கு வரும் குடும்பங்கள் என எல்லாத் தரப்பினரும் அதில் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் 12 கி.மீ.க்குக் கொடுக்கும் கார் கூலி ஒரு பொருட்டாகத்தான் இருக்கும்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நேரமும் முக்கியம். நண்பகல் 12.30 மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். காலை 11 மணிக்கு இறங்கும் குடும்பம் தெற்குவாசல் பாலத்தில் சிக்கிக்கொண்டால், மாலை வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும். எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம் என்று உறுதியாகச் சொல்லும் ஒரு சேவை இருந்தால், அவர்கள் அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்வார்கள்.

பயணிகள் மட்டும் அல்ல. விமான நிலையத்தில் துப்புரவு, சுமை ஏற்றுதல், பாதுகாப்பு, உணவகம் என்று வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். முறை மாறி மாறி வேலைக்கு வரும் இவர்களுக்கு இரவிலும் விடியற்காலையிலும் நம்பிக்கையான பேருந்து இல்லையென்றால், இருசக்கர வாகனம்தான் கதி. பெண் ஊழியர்களுக்கு இது இன்னும் கடினம்.

பழைய நகரில் வசிப்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும் கொடுக்கும் விலையை யாரும் கணக்கிடுவதில்லை. கீழமாசி வீதியின் மளிகை மொத்த வியாபாரம், தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகள், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியின் தங்கும் விடுதிகள் எல்லாம் நடந்து வரும் மக்களை நம்பியவை. நடக்க இடமில்லாத வீதிக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவது குறைவு. கார்கள் நுழைவதால் வியாபாரம் பெருகும் என்ற நம்பிக்கை, நெரிசலில் நின்று பார்த்தவர்களிடம் நீடிப்பதில்லை.

கோட்டை இருந்த இடத்தில் ஒரு வாய்ப்பு

மதுரையின் பழைய நகருக்கு ஒரு தெளிவான வடிவம் உண்டு. கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் சதுரம் சதுரமாகச் சுற்றி விரிகின்றன. இவற்றுக்கு வெளியே ஒரு காலத்தில் கோட்டையும் அகழியும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டது. அந்த இடத்தில் உருவானவைதான் நான்கு வெளி வீதிகள். அவர் நினைவாக நாட்டப்பட்ட விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது.

அந்த வெளி வீதிச் சுற்று இன்றைய சிக்கலுக்கு ஏற்ற விடையைத் தன்னிடமே வைத்திருக்கிறது. மேற்கில் பெரியார் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் அதை ஒட்டியே உள்ளன. வடக்கில் சிம்மக்கல், தெற்கில் தெற்குவாசல், கிழக்கில் கீழவாசலும் புனித மரியன்னை பேராலயமும் இருக்கின்றன. 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலுக்குக் கீழவாசல் பக்கமிருந்து நடந்தே போகலாம். பழைய நகரில் ஒருவர் எங்கே போக வேண்டியிருந்தாலும், இந்தச் சுற்றின் ஏதாவது ஒரு முனையிலிருந்து ஒரு கி.மீ. தொலைவுக்குள் அந்த இடம் இருக்கும். வெளி வீதி வரை பேருந்து, அதற்கு உள்ளே நடையும் பேட்டரி காரும் என்ற ஏற்பாடு இந்த ஊரின் அமைப்பிலேயே பொருந்தி வருகிறது.

ஆனால் அண்மைக் காலத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வடக்கு ஆவணி மூல வீதியில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டப்பட்டது. கோயிலுக்கு ஒரு வீதி தள்ளி நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு இடம் கொடுத்தால், அவை எல்லாம் மாசி வீதியைக் கடந்துதான் அங்கே போயாக வேண்டும். நெரிசலைக் குறைக்கக் கட்டிய கட்டடமே வண்டிகளை உள்ளே இழுக்கிறது.

மதுரை இதைவிடத் துணிச்சலான முடிவுகளை எடுத்த ஊர். வெளியூர்ப் பேருந்துகள் 1999இல் மாட்டுத்தாவணிக்கு மாற்றப்பட்டன. கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த சென்ட்ரல் மார்க்கெட்டும் பின்னர் அங்கே போனது. வியாபாரம் படுத்துவிடும், மக்கள் தவித்துவிடுவார்கள் என்றெல்லாம் அச்சம் இருந்தது. இன்று மாட்டுத்தாவணி இல்லாத மதுரையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பிற ஊர்களில் நடப்பது

சென்னையில் விமான நிலையத்திலிருந்து பழைய ஜார்ஜ் டவுனுக்கு நேராக மெட்ரோ ரயிலில் போகலாம். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை தடம் முழுமையானதும், உயர் நீதிமன்றம், மண்ணடி நிலையங்களுக்கு மாறாமல் ஒரே ரயிலில் பயணம் சாத்தியமானது. அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான். அண்ணா சாலை நெரிசலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மண்ணடியில் மேலே ஏறி வந்தவுடன் நடைபாதையைத் தேட வேண்டியிருக்கிறது. நல்ல ரயிலும் கடைசி அரை கி.மீ.யில் பயனிழந்துவிடும் என்பதை அந்த இடம் காட்டுகிறது.

கொச்சியில் விமான நிலையம் நெடும்பாசேரியில், கோட்டைக் கொச்சியிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. அங்கே மெட்ரோ நிறுவனமே 2025 தொடக்கத்தில் விமான நிலையத்துக்கும் ஆலுவா மெட்ரோ நிலையத்துக்கும் இடையே மின்சாரப் பேருந்துகளை விட்டது. ஆலுவாவிலிருந்து மெட்ரோவில் எர்ணாகுளம். அங்கே உயர் நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவில் கோட்டைக் கொச்சி. விமான நிலையம் வரை மெட்ரோ நீளட்டும் என்று அவர்கள் கைகட்டி உட்காரவில்லை. விடுபட்ட கண்ணியைப் பேருந்தால் இணைத்தார்கள்.

மதுரைக்கு மிக நெருங்கிய உதாரணம் போலந்து நாட்டின் கிராக்கோவ். அங்கும் விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ அதே தூரம்தான். அங்கும் பழைய நகரைச் சுற்றி இருந்த கோட்டைச் சுவர் 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. அந்த இடத்தை அவர்கள் சுமார் 4 கி.மீ. நீளப் பூங்காவாக்கினார்கள். விமான நிலைய ரயில் சுமார் 20 நிமிடத்தில் தலைமை ரயில் நிலையத்தில் கொண்டுவந்து விடுகிறது. அங்கிருந்து பூங்காவைக் கடந்து, பழைய சந்தைச் சதுக்கத்துக்குப் பத்து நிமிட நடை. யுனெஸ்கோ 1978இல் வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பெற்ற அந்த நகருக்குள், வாகனம் இல்லாமல் நடப்பதையே பயணிகள் விரும்புகிறார்கள்.

மதுரையில் ரயில் இல்லை, பூங்காவும் இல்லை. ஆனால் நகரின் விளிம்பு வரை பொதுப் போக்குவரத்து, அதற்கு உள்ளே நடை என்ற முறையைக் கடைப்பிடிக்க இரண்டும் கட்டாயம் அல்ல.

என்ன செய்யலாம்?

வெளி வீதிச் சுற்றுப் பேருந்து. விமான நிலைய முனையத்தின் வாசலில் புறப்பட்டு, பெருங்குடி, அவனியாபுரம், வில்லாபுரம் வழியாகத் தெற்குவாசல் வந்து, பெரியார், ரயில் நிலையம், சிம்மக்கல், கீழவாசல் என்று சுற்றித் திரும்பும் தாழ்தளப் பேருந்து வேண்டும். பெட்டி வைக்க உள்ளே இடம் ஒதுக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு மணி நேரம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அரை மணிக்கு ஒரு வண்டி விட நான்கு பேருந்துகள் போதும். பழுதானால் மாற்ற ஒன்று கூடுதல். ஐந்து பேருந்துகளை ஒதுக்குவது அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு முடியாத காரியம் அல்ல. இரவில், கடைசி விமானம் தாமதமானால் பேருந்தும் காத்திருக்க வேண்டும்.

மாட்டுத்தாவணிக்குத் தனித் தடம். ராமநாதபுரம், சிவகங்கை போகும் பயணிகளுக்குப் பழைய நகரில் வேலை இல்லை. அவர்களை ரிங் ரோடு வழியாக நேரே மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோக வேண்டும். தெற்குவாசல் பாலத்தில் அந்த அளவுக்குச் சுமை குறையும்.

கண்ணில் படும் அறிவிப்பு. பெட்டிகள் வந்து சேரும் இடத்திலேயே தமிழ், ஆங்கிலம், இந்தியில் பலகை வேண்டும். அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு, மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எங்கே இறங்க வேண்டும் என்ற மூன்றையும் அது சொன்னால் போதும். வாடகைக் கார், ஆட்டோவில் போக விரும்புபவர்களுக்கு முன்பணக் கூப்பன் முறையும், பகுதிவாரியாகக் கூலியை எழுதிய பலகையும் அதன் அருகிலேயே இருக்க வேண்டும். இதனால் நேர்மையாக ஓட்டும் ஓட்டுநர்களும் பயன்பெறுவார்கள்.

விளிம்பில் வசதிகள். பெரியார், தெற்குவாசல், கீழவாசல், சிம்மக்கல் ஆகிய நான்கு இடங்களிலும் நிழற்கூரை, குடிநீர், கழிப்பறை, பெட்டிகளைப் பாதுகாக்கும் அறை வேண்டும். அங்கிருந்து மாசி வீதி வரை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பேட்டரி கார்கள் ஓட வேண்டும். டவுன் ஹால் ரோட்டிலும் நான்கு மாசி வீதிகளிலும் தடங்கலில்லாத நடைபாதை அமைப்பது மாநகராட்சியின் முதல் வேலையாக இருக்கட்டும். நடைபாதை வியாபாரிகளை விரட்டாமல், அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுத்து இதைச் செய்ய முடியும்.

தெற்குவாசலில் பேருந்துக்கு முன்னுரிமை. வில்லாபுரத்திலிருந்து பாலம் வரை சாலையோரம் வண்டி நிறுத்துவதைத் தடுக்க வேண்டும். சிக்னலில் பேருந்துக்கு முதலில் வழிவிட வேண்டும். மாசி வீதிக் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் நேரத்தை இரவுக்கும் விடியற்காலைக்கும் மாற்ற, வணிகர் சங்கங்களுடன் பேசி முடிவெடுக்க வேண்டும். மாசி வீதிகளுக்கு உள்ளே இனி புதிய வாகன நிறுத்தம் எதற்கும் அனுமதி கூடாது. கட்டுவதானால் வெளி வீதிக்கு வெளியே கட்டலாம்.

திருவிழாக் கால ஏற்பாடு. சித்திரைத் திருவிழாத் தேரோட்டத்தின்போது மாசி வீதிகளும், அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகைக் கரையும் மக்கள் வெள்ளமாகிவிடும். அந்த நாட்களில் சுற்றுப் பேருந்து எங்கே திரும்பும், எங்கே இறக்கிவிடும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, விமான நிலையத்திலேயே அறிவிக்க வேண்டும்.

பொறுப்பேற்க ஒருவர். விமான நிலையம் ஒரு துறையிடம், பேருந்து இன்னொரு துறையிடம், வீதி மாநகராட்சியிடம், சிக்னல் காவல் துறையிடம் இருக்கிறது. எல்லோருக்கும் சொந்தமான வேலை யாருடைய மேசையிலும் நகர்வதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் இந்த நான்கு துறைகளையும் இணைத்து, தனி அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். ஆறு மாதச் சோதனை ஓட்டமாகத் தொடங்கி, மாதந்தோறும் எத்தனை பேர் ஏறினார்கள், விமான நிலையத்திலிருந்து பெரியார் வர எவ்வளவு நேரம் ஆனது என்ற விவரங்களை வெளியிட வேண்டும். தொடக்கத்தில் இருக்கைகள் காலியாக இருக்கலாம். அதைக் காட்டி முதல் மாதத்திலேயே வண்டியை நிறுத்திவிடக் கூடாது. அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே இந்தச் சோதனை ஓட்டத்தைத் தொடங்கினால், ஆண்டின் மிகப் பெரிய கூட்டத்திலேயே இந்த ஏற்பாட்டின் குறை நிறைகள் தெரிந்துவிடும். மெட்ரோ அறிக்கையை மாநில அரசு மீண்டும் அனுப்பும்போது, விமான நிலையத்துக்குக் கிளைப் பாதை தேவையா என்று முடிவெடுக்கவும் அந்தப் புள்ளிவிவரங்கள் கைகொடுக்கும்.